இஞ்சி சோடாவில் நுரை வர உதவியவர்களுக்கு

பழையபேட்டை உறவுகளுக்கும், தூரத்தில் இருந்துகொண்டு போனில் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தவர்களுக்கும் வணக்கம்.

போன கோடையில் வீட்டிலேயே இஞ்சி சோடா போட ஆரம்பித்தேன். மெஷினில் கேஸ் அடிப்பது அல்ல. இஞ்சித் தோலில் இயல்பாக இருக்கும் ஈஸ்ட்டை வளர்த்து, மூடிய பாட்டிலுக்குள் அதுவே காற்றை உண்டாக்கும்படி விடுவது. இன்று தெருவில் ஒரு விசேஷம் என்றால் என்னிடம் பாட்டில் கேட்கிறார்கள். இதில் என் உழைப்பைவிட மற்றவர்கள் சொல்லித்தந்தது அதிகம். அதை எல்லோருக்கும் தெரியும்படி எழுதிவிட வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை.

முதலில் மெல்போர்னில் இருக்கும் என் மச்சானுக்கு. அவர் அங்கே வீட்டில் பீர் காய்ச்சிப் பாட்டிலில் அடைக்கிறார். அந்த ஊர்ச் சட்டம் அதை அனுமதிக்கிறது, நம் ஊரில் அதற்கு இடமில்லை. நான் கேட்டது சோடாவைப் பற்றித்தான் என்றாலும், காற்று பிடிக்கும் கணக்கு இரண்டுக்கும் ஒன்றே என்று அடிப்படையிலிருந்து விளக்கினார். ஒரு லிட்டரில் 4 கிராம் சர்க்கரையை ஈஸ்ட் தின்றால் ஏறக்குறைய 2 கிராம் கார்பன் டை ஆக்சைடு வரும். பீரில் இருக்கும் சர்க்கரையை ஈஸ்ட் முழுக்கத் தின்று முடித்த பிறகு, லிட்டருக்கு 6 முதல் 8 கிராம் சர்க்கரையை அளந்து போட்டு அடைப்பார்களாம். அது தீர்ந்ததும் காற்று உண்டாவதும் நின்றுவிடும். “உன் சோடாவில் இனிப்பு மிச்சம் இருந்துகொண்டே இருக்கும் மச்சான், அது தானாக நிற்காது. குளிரில் வைத்து நீதான் நிறுத்த வேண்டும்” என்றார். இந்த ஒரு பேச்சுக்கே அவருக்குக் கடன்பட்டிருக்கிறேன். பாட்டில் வெடித்துக் கண்ணாடி யார் மேலும் தெறிக்காமல் இருக்கிறதென்றால் அதனால்தான்.

ரவுண்டானா பக்கம் முன்பு சோடாக்கடை வைத்திருந்த ஐயாவுக்கு அடுத்த நன்றி. கோலி சோடா பாட்டிலில் ஊற்றி வைக்கலாமா என்று கேட்கப் போனேன். பரணிலிருந்து பழைய பாட்டில் ஒன்றை எடுத்து, தண்ணீர் ஊற்றித் தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டினார். கோலி கழுத்துக்கு உருண்டு வந்தது, ரப்பர் வளையத்தில் உட்கார்ந்தது, நிமிர்த்தியதும் சட்டென்று கீழே விழுந்துவிட்டது. “உள்ளே அழுத்தம் இருந்தால்தான் கோலி அங்கேயே நிற்கும். உன் சோடாவுக்கு முதல் நாள் அழுத்தமே கிடையாதே தம்பி, எப்படி அடைக்கும்?” 1872-இல் இங்கிலாந்தில் ஹிராம் காட் காப்புரிமை வாங்கிய பாட்டில் அது. அதன் சூட்சுமத்தை எனக்கு விரல்முனையில் காட்டியவர் ஐயாதான். அதோடு விடவில்லை. கெட்டியான கண்ணாடியையும் லேசான கண்ணாடியையும் அடிப்பாகத்தைத் தடவிப் பார்த்தே பிரிக்கக் கற்றுக்கொடுத்தார். ஜாம், சாஸ் வந்த பாட்டில்களைத் தொடவே கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார்.

அப்புறம் காயலான் கடை பாய். கம்பிப் பூட்டு போட்ட கனமான பாட்டில்கள் வரும்போதெல்லாம் கீறல் இல்லாததாகப் பார்த்து எடுத்து வைத்தார். கூல்டிரிங்க்ஸ் வந்த பிளாஸ்டிக் பாட்டில்களும் அவர் தந்ததுதான். ஒவ்வொரு தடவையும் அதில் ஒன்றையாவது சேர்த்து நிரப்புகிறேன். கண்ணாடிக்குள் எவ்வளவு அழுத்தம் ஏறியிருக்கிறது என்று வெளியே தெரியாது. பிளாஸ்டிக்கை அமுக்கினால் தெரிந்துவிடும். விரல் உள்ளே போகாமல் கல் மாதிரி நின்றால், எல்லாப் பாட்டிலும் அப்போதே ஃபிரிட்ஜுக்குப் போய்விடும்.

எதிர்வீட்டு நர்ஸ் அக்காவுக்கும் நன்றி. குழந்தையின் பால் புட்டியைக் கழுவுவதுபோலக் கழுவு என்று சொல்லி, நீளப் பிரஷ் ஒன்றையும் கொடுத்தார். சோப்பு வாடை போகிற வரை அலசி, வெந்நீர் காட்டி, கவிழ்த்து வைத்துக் காயவிடுகிறேன்.

அம்மாவைத் தனியாகச் சொல்ல வேண்டும். மெல்போர்ன் குளிருக்குப் பாட்டிலில் காற்று பிடிக்க இரண்டு வாரம் என்று மச்சான் சொன்ன கணக்கைக் கேட்டதும், “பங்குனி வெயில்ல இட்லி மாவு பாத்திரத்தை விட்டு வழியுது, மார்கழியில எழும்பவே மாட்டேங்குது. இதுவும் அப்படித்தானே இருக்கும்?” என்றார். அப்படியேதான் இருந்தது. இங்கே சித்திரையில் நாலைந்து நாள்கூடத் தாங்காது, ஓசூரில் சித்தி வீட்டில் அதே கலவை மெதுவாகத்தான் ஏறுகிறது. நாளை எண்ணாமல் பாட்டிலை அமுக்கிப் பார்ப்பது என்ற பழக்கம் அம்மாவின் அந்தப் பேச்சிலிருந்து வந்தது. ஃபிரிட்ஜில் மாவு வைக்கும் கீழ்த்தட்டையும் எனக்கு விட்டுக்கொடுத்திருக்கிறார். செந்தூரா மாம்பழச் சாறு சேர்த்துப் போட்டபோது முதலில் சுவைத்தவரும் அவர்தான். நார் இல்லாமல் வடிகட்டினால் திறக்கும்போது இவ்வளவு பொங்காது என்றார். துணியில் வடிகட்டியதும் நுரை பாட்டிலுக்குள்ளேயே அடங்கி நின்றது.

பாட்டில் வாங்கிப் போயிருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வெளியே வைக்காதீர்கள், நன்றாகக் குளிர்ந்த பிறகு மெதுவாகத் திறங்கள். ஈஸ்ட் வேலை செய்வதால் இதில் சிறிதளவு ஆல்கஹாலும் இருக்கும், அதனால் பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் வேண்டாம். காலி பாட்டிலை ஒருமுறை அலசித் திருப்பித் தந்தால் ஆடிப் பதினெட்டுக்கு எல்லோருக்கும் நிரப்பித் தர முடியும்.