சாட்சி சொல்லப்போகும் தங்கைக்கு

கர்த்தருக்குள் அன்பான தங்கைக்கு, ஸ்தோத்திரம்.

உன் அம்மா காசநோயிலிருந்து சுகமானதற்காக வருகிற ஞாயிறு ஆலயத்தில் எழுந்து சொல்லப்போகும் சாட்சியை வாசித்தேன். அதே மைக் முன் நிற்கப்போகிற மற்றவர்களுக்கும் உதவட்டும் என்று நீ சம்மதித்ததால் பொதுவில் எழுதுகிறேன். உன் பெயரோ சபையின் பெயரோ இதில் இல்லை.

மூன்று வரிகளை நீ மாற்ற வேண்டும்.

"டாக்டர்கள் கைவிட்டுவிட்டார்கள்" என்பது முதலாவது. டாக்டர் சொன்னது, "பாதிப்பு அதிகம், 6 மாதம் மாத்திரையை விடாமல் சாப்பிடணும்" என்றுதானே? அது கைவிடுவது இல்லை. அந்த டாக்டர் ஆலயத்தில் இருக்கமாட்டார், எழுந்து மறுக்கவும் முடியாது. பத்துக் கட்டளைகளில் வரும், பிறனுக்கு விரோதமான பொய்ச்சாட்சி என்பது இதுதான். லுத்தரன் சபையாரும் கத்தோலிக்கரும் இதை எட்டாம் கட்டளை என்பார்கள், சி.எஸ்.ஐ.யார் (தென்னிந்தியத் திருச்சபையார்) ஒன்பதாவது என்பார்கள்.

இரண்டாவது வரிதான் எனக்குப் பயமாக இருக்கிறது: "மூன்றே வாரத்தில் பூரண சுகம்." காசநோய்க்கு மருந்து தொடங்கினால் சில வாரங்களிலேயே காய்ச்சல் விடும், இருமல் குறையும், பசி எடுக்கும். ஆனால் கிருமி உள்ளேயே இருக்கும். பாதியில் நிறுத்தினால் நோய் திரும்பும், அப்போது பழைய மருந்துக்குக் கிருமி அடங்காமல் போகலாம். பின்வரிசையில் மாத்திரை தொடங்கி மூன்றாவது வாரத்தில் ஒருவர் உட்கார்ந்திருந்தால், உன் சாட்சியைக் கேட்டு என்ன செய்வார்? மாத்திரையைப் பற்றி நீ ஒரு வார்த்தைகூட எழுதவில்லை. 6 மாதமும் தவறாமல் விழுங்கியதையும், கடைசி சளிப் பரிசோதனையில் கிருமி இல்லை என்று வந்த தேதியையும் சொல். அதில் கர்த்தருக்கு மகிமை குறையாது.

வேதத்தில் மாற்கு சுவிசேஷம் 8-ஆம் அதிகாரத்தில் பெத்சாயிதா குருடனைப் பார். இயேசு கை வைத்து, எதையாகிலும் காண்கிறாயா என்று கேட்கிறார். அவன் "நன்றாகத் தெரிகிறது ஆண்டவரே" என்று சொல்லவில்லை. மனுஷர் நடக்கிற மரங்களைப்போல் தெரிகிறார்கள் என்றான். அரைகுறையாகத் தெரிந்ததை அரைகுறையாகவே சொன்னான். இயேசு கோபிக்கவில்லை, மறுபடியும் கை வைத்தார்.

மூன்றாவது, "கர்த்தர் என்னோடு பேசினார்." ஆஸ்பத்திரியில் வேதத்திலிருந்து ஒரு சங்கீதம் வாசித்தபோது தைரியம் வந்தது என்றால் அப்படியே சொல், அதுவே பெரிய காரியம். ஆதித் திருச்சபையின் போதகர் அகுஸ்தீன் பொய்யை எட்டு வகையாகப் பிரித்து, விசுவாசத்தைப் போதிக்கும்போது சொல்லும் பொய்யை எல்லாவற்றிலும் கொடியதாக வைத்தார். அவர் சொன்னது சரி. இந்த ஒரு வரி பொய் என்று ஒரு பிள்ளைக்குத் தெரிந்துவிட்டால், மிச்சம் எதை நம்பும்?

சாட்சியை ஒரு பக்கத்துக்குள் திரும்ப எழுது. ஒவ்வொரு வரியின் ஓரத்திலும் கண்டதற்கு "க", கேட்டதற்கு "கே", நீயாக நினைத்ததற்கு "நி" என்று குறி. "கே" வரியில் யார் சொன்னது என்று சேர். "நி" வரியை "என்று நம்புகிறேன்" என முடி.

தாளில் சரியாக இருப்பது மைக்கில் கெட்டுப்போகும். ஒரு வரிக்கு சபை "அல்லேலூயா" என்றதும் அடுத்த வரியில் நாக்கு ஒரு படி ஏறும், மூன்று வாரம் மூன்று நாளாகிவிடும். அதனால் தேதியையும் எண்ணையும் தாளைப் பார்த்தே வாசி. தவறிவிட்டால் அங்கேயே "மன்னியுங்கள், நாள் அல்ல, வாரம்" என்று திருத்து. வீட்டுக்கு வந்தபின் உறைத்தால் ஆயருக்குப் போன் செய்து, அடுத்த ஞாயிறு அதே மைக்கில் திருத்த ஒரு நிமிஷம் கேள்.

நோயின் பெயரைச் சொல்லலாமா என்று அம்மாவிடம் தனியாகக் கேட்டாயா? டி.பி. என்றாலே விலகிப்போகிற ஜனங்கள் இன்னும் இருக்கிறார்கள். அவருக்கு விருப்பமில்லை என்றால் "நீண்ட நாள் நோய், 6 மாத மருந்து" என்பது போதும். ஆனால் நிமோனியா என்று வேறு பெயர் வைத்துவிடாதே. சொல்லாமல் விடலாம், மாற்றிச் சொல்லக்கூடாது. அப்போஸ்தலர் 5-ஆம் அதிகாரத்தில் அனனியா நிலத்தை விற்று, பணத்தில் ஒரு பங்கை மட்டும் சபைக்குக் கொண்டுவந்தான். கொஞ்சம் வைத்துக்கொண்டதை அப்போஸ்தலன் பேதுரு கண்டிக்கவில்லை. கொஞ்சத்தை முழுதென்று காட்டினதைத்தான் கேட்டார்.

சனிக்கிழமை ராத்திரி ஜெபத்துக்குப் பிறகு அம்மாவுக்கு முழுதையும் வாசித்துக் காட்டு. "அப்படி நடக்கலையேம்மா" என்று அவர் எந்த வரிக்குச் சொன்னாலும் அதை அடித்துவிடு.

கிறிஸ்துவுக்குள்,
அக்கா