குழுவிலிருந்து வெளியேறிய தோழிக்கு

ஏ புள்ள,

உன் பெயரை இங்கே எழுதவில்லை. நம் செட்டில் இதைப் படிப்பவர்களுக்கு நீ யாரென்று தெரியும். மற்றவர்களுக்குத் தெரிய வேண்டியதில்லை. பள்ளியின் பெயரையும் விட்டுவிட்டேன். ஆண்டிபட்டிப் பக்கம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

போன வாரம் ராத்திரி நீ நம் பள்ளி செட்டின் வாட்ஸ்அப் குழுவிலிருந்து வெளியேறினாய். அங்கே யாரும் ஏன் என்று கேட்கவில்லை. நான் தனியாகக் கேட்டதற்கு, "எனக்கு அங்க என்ன வேலை?" என்று ஒரு வரி அனுப்பிவிட்டுப் போனை அணைத்துவிட்டாய். அந்த ஒரு வரிக்குத்தான் இந்தப் பதில். நேரில் பேசினால் நீ பேச்சை மாற்றுவாய், நான் அழுவேன். பொதுவில் எழுதுவது உனக்குப் பிடிக்காது என்று தெரியும். குழுவில் இருப்பவர்களும் படிக்க வேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

"2001 பிளஸ் டூ பேட்ச், வெள்ளிவிழாச் சந்திப்பு" என்று தலைப்பு வைத்த அன்றே பத்தாவதோடு நின்றவர்கள் கணக்கில் இல்லாமல் போய்விட்டார்கள். 1994ல் ஆறாம் வகுப்பில் சேர்ந்தபோது நாம் எல்லோரும் ஒரே பதிவேட்டில்தான் இருந்தோம். உன்னை நான்தான் குழுவில் சேர்த்தேன். சேர்த்த வாரமே, ஒவ்வொருவரும் தன்னைப் பற்றி எழுதச் சொன்னார்கள்: பெயர், படிப்பு, வேலை, ஊர், பிள்ளைகள். படிப்புக்கு இரண்டாம் இடம். ஒருத்தி ஸ்டாஃப் நர்ஸ், ஒருத்தி விஏஓ, ஒருத்தி துபாயில். ஒவ்வொன்றுக்கும் கீழே கைதட்டல், பூங்கொத்து, அப்புறம் பிள்ளைகளின் நீட் மார்க். உன் பெயரோடு "டைப்பிங்" என்று வருவதும் மறைவதுமாக இருந்ததை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். கடைசி வரை எதுவும் வரவில்லை. பள்ளிக்கு ஸ்மார்ட் போர்டு வாங்க வசூல் பேச்சு ஆரம்பித்ததும் நீ போய்விட்டாய்.

அன்று ராத்திரி முழுக்க எனக்கு அந்த ஆபீஸ் ஜன்னல்தான் ஞாபகத்தில் நின்றது.

1999 ஜூன், பள்ளி திறந்த வாரம். இரண்டு பேரும் ஒரே வரிசையில் நின்றோம். என் கையில் பிளஸ் ஒன் விண்ணப்பம். நீ டிசி வாங்க வந்திருந்தாய். வயதுச் சான்றுக்கு மில்லில் கேட்கிறார்கள் என்றாய். கிளார்க் தலை நிமிராமல் எழுதி, சீல் வைத்து, மை காய ஊதி உன்னிடம் நீட்டினார். நீ ஓரமாகத் தள்ளி நின்று எனக்குக் கேட்கிற மாதிரி மேலிருந்து கீழே வரை வாசித்தாய். அங்க அடையாளம், இடது முழங்கையில் தழும்பு. நடத்தை, நன்று. பள்ளியை விட்டு நீங்கும் காரணம், மேற்படிப்புக்காக. எல்லோருக்கும் அப்படித்தான் எழுதிக் கொடுப்பார்கள், அவர் யோசித்தெல்லாம் எழுதியிருக்க மாட்டார். "மேற்படிப்புக்காகப் போறேன்டி, மில்லுக்கு" என்று சொல்லி நீ சிரித்தாய். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு வரிசை நகர்ந்தது, என் முறை வந்தது, ஜன்னலுக்குப் போனேன். படிவத்தைக் கொடுத்துவிட்டுத் திரும்பினால் நீ இல்லை.

பதினைந்து வயதில் நான் என்ன செய்திருக்க முடியும், சொல்? உன் அப்பாவிடம் போய்ப் பேசியிருக்க முடியுமா? டீச்சரிடம் சொல்லியிருக்கலாம். டீச்சருக்குத் தெரியாதா என்ன? கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் ஸ்பின்னிங் மில்களுக்கு நம் பக்கத்துப் பெண்பிள்ளைகளை ஏஜெண்டுகள் வேன் வைத்து ஏற்றிக்கொண்டு போன காலம் அது. சுமங்கலித் திட்டம் என்று மங்கலமாகப் பெயர் வைத்திருந்தார்கள். மூன்று வருடம் ஹாஸ்டலில் தங்கி வேலை பார்த்தால் கடைசியில் மொத்தமாக முப்பதாயிரம். அன்றைய விலையில் எட்டுப் பவுனுக்கு மேலே வரும். மூன்று பெண்களைப் பெற்ற வீட்டில் அதைக் கேட்டுவிட்டு எப்படித் தூங்க முடியும்? உன் அப்பாவைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உன்னை அழைத்துப்போன ஏஜெண்ட் யாரென்று உனக்கும் எனக்கும் தெரியும், அவர் குடும்பம் இன்னும் அதே தெருவில் இருக்கிறது, அதனால் அதை விடுகிறேன். எப்படியிருந்தாலும் என்னை மன்னித்துக்கொள். இல்லை, எதற்காக மன்னிப்பது? வரிசையில் நின்றதற்கா?

மில்லில் நடந்ததில் நீ என்னிடம் சொன்னது கொஞ்சம். அதையும் இங்கே எழுதமாட்டேன். பஞ்சுத் தூசியில் இருமல் பிடித்து, கெடு முடியும் முன்பே நீ ஊர் திரும்பினாய் என்பதையும், பேசிய பணத்தில் பாதிகூடக் கைக்கு வரவில்லை என்பதையும் மட்டும் சொல்கிறேன். இது உனக்கு மட்டும் நடந்ததில்லை என்பதால் சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

ஆனால் உன் மேல் எனக்கும் கோபம் உண்டு. ஹாஸ்டலுக்கு நான் போட்ட கடிதங்களுக்கு நீ பதில் போடவே இல்லை. வார்டன் பிரித்துப் படித்தார் என்று பல வருடம் கழித்துச் சொன்னாய், சரி. என் கல்யாணத்துக்கு வந்து மொய் எழுதிவிட்டுச் சாப்பிடாமல் போனாயே, அங்கே எந்த வார்டன் இருந்தார்? படித்தவள் சுகமாக இருப்பாள் என்று நீயாக முடிவு கட்டிக்கொண்டாய். எப்படியடி இருக்கிறாய் என்று ஒரு தடவை கேட்டிருக்கிறாயா? பி.எஸ்சி., பி.எட். முடித்து, 2013ல் ஆசிரியர் தகுதித் தேர்விலும் தேறினேன். இன்று வரை நியமனம் வரவில்லை. சான்றிதழ் ஆயுள் முழுக்கச் செல்லும் என்று அறிவித்தார்கள், பீரோவில் செல்லுபடியாகிக்கொண்டிருக்கிறது. தனியார் பள்ளியில் நான் வாங்கிய முதல் சம்பளத்தை உன்னிடம் சொல்ல வெட்கப்பட்டேன். குழுவில் "ஆசிரியை" என்று போட்டேன், பூங்கொத்து வந்தது. எத்தனை பூங்கொத்துக்குப் பின்னால் இப்படி ஒரு கணக்கு இருக்கிறதோ, யார் கண்டது.

நீ எழுதாமல் விட்டதை எனக்குத் தெரிந்தவரை சொல்கிறேன், தப்பாக இருந்தால் திருத்து. மகளிர் குழு மூலமாக காலை உணவுத் திட்டத்தில் சமைக்கிறாய். 2023 ஆகஸ்டில் அந்தத் திட்டம் உங்கள் ஊர் தொடக்கப் பள்ளிக்கும் வந்ததிலிருந்து, இருட்டிலேயே எழுந்து போய், முதல் மணி அடிப்பதற்குள் கிச்சடியும் சாம்பாரும் இறக்கி வைக்கிறாய். நம் செட்டில் தினமும் ஒரு அரசுப் பள்ளிக்குள் கால் வைக்கிறவர்கள் எத்தனை பேர்? ஸ்மார்ட் போர்டுக்குப் பணம் போடுகிறவர்களின் பிள்ளைகளில் ஒன்றாவது நம் பள்ளியில் படிக்கிறதா? உன் மகள் அங்கேதான் ஆறாவதிலிருந்து பிளஸ் டூ வரை படித்தாள். அரசுப் பள்ளியில் படித்த பெண் என்பதால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது, கல்லூரிக்குப் போகிறாள். உன் டிசியில் எழுதியிருந்த காரணம் அவள் டிசியில் நிஜம். இதைப் போடாமல் வேறு எதைப் போடுவது?

சந்திப்பு நடத்துகிற குழுவிடம் நேற்று பேசினேன். 1994 ஆறாம் வகுப்பு வருகைப் பதிவேட்டிலிருந்து பட்டியல் எடுங்கள், பாதியில் நின்ற எல்லோரையும் கூப்பிடுங்கள், இல்லையென்றால் என் பெயரையும் எடுத்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டேன். ஒருத்தி, "அவங்களுக்கே சங்கடமா இருக்கும்ப்பா" என்றாள். யாருக்குச் சங்கடம் என்று கேட்டேன். அவள் நல்லவள்தான், அதற்கு மேல் இங்கே வேண்டாம். இரண்டு பேர் ஒத்துக்கொண்டார்கள், மற்றவர்கள் யோசிக்கிறார்கள்.

அவர்கள் என்ன முடிவெடுத்தாலும், சந்திப்பு நடக்கிற ஞாயிறு மதுரையிலிருந்து காலை போடி ரயிலில் ஆண்டிபட்டிக்கு வருகிறேன். இறங்கியதும் நேராக உன் வீடு. பள்ளிக்குப் போவதா வேண்டாமா என்பதை அங்கே உட்கார்ந்து பேசுவோம். அதற்கு முன்னால் அந்த விவரத்தை எழுதி எனக்கு மட்டும் அனுப்பு. பெயர், வேலை, ஊர், பிள்ளைகள். படிப்பை எந்த இடத்தில் போடுவது என்பதை நீ முடிவு செய். குழுவில் போடச் சொன்னால் போடுகிறேன், வேண்டாம் என்றால் என்னிடமே இருக்கட்டும்.