அது தண்ணீர்த் தொட்டி அல்ல

ஆசிரியருக்கு,

பிரான்ஸின் மேற்கு முனையான பிரிட்டனியின் பண்ணை அருங்காட்சியகங்கள் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை, கதவு வைத்த பெட்டிக் கட்டிலுக்கு இரண்டு பத்தி ஒதுக்கியிருக்கிறது. தொழுவத்து ஓரக் கல்தொட்டியை ‘மாட்டுக்குத் தண்ணீர் காட்டும் தொட்டி’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டது. படத்தில் அதற்குள் சாய்ந்து நிற்பதோ நீளக் காம்பு போட்ட கொட்டாப்புளி. அது குதிரைத் தீவனத்துக்காக அஜோன் முள்ளை இடிக்கும் தொட்டி.

அஜோன் என்பது மஞ்சள் பூ பூக்கும் முட்புதர், பட்டாணிக் குடும்பம். குளிர்காலத்தில் புல் நின்றுபோனாலும் இது பச்சையாகவே இருக்கும், புரதமும் உண்டு. அதனால் குதிரைத் தீவனத்துக்கென்றே விதைத்து வளர்த்தார்கள். இளங்குருத்தைத்தான் அறுக்க வேண்டும். விட்டால் தண்டு முற்றிப்போகும், ரொட்டி அடுப்பில் எரிக்கத்தான் ஆகும். அறுத்ததைத் தொட்டியில் போட்டு, கையில் அள்ளினால் குத்தாத பதம் வரும்வரை இடிப்பார்கள். அரைகுறையாக இடித்தால் குதிரையின் வாய் புண்ணாகும். நாளைக்கும் சேர்த்து இடித்து வைக்கவும் வழியில்லை: நசுங்கிய குவியல் சூடேறிப் புளித்துவிடும். ஆகவே குளிர்காலம் முழுக்க அன்றாடம் இதே பாடு. பின்னாளில் பல் வைத்த உருளைகளைக் கையால் சுற்றும் இயந்திரம் வந்தது. கட்டுரையாளர் ‘என்னவென்று தெரியாத கருவி’ என்று எழுதியிருப்பது, வர்ணனையைப் பார்த்தால், அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

காலெத் என்னும் பிரிட்டனி அடைக்கான பக்வீட் மாவைக் கட்டுரை கோதுமை வகை என்றதும் தவறு. பக்வீட் புல்லினமே இல்லை, நம் சுக்கான்கீரையின் குடும்பம். மாவை இழுபடப் பிணைக்கும் குளூட்டன் புரதம் அதில் கிடையாது, அடை பிய்ந்துபோவது அதனால்தான். 250 கிராம் மாவுக்கு ஒரு தேக்கரண்டி உப்பும் அரை லிட்டருக்குச் சற்று மேல் தண்ணீரும் கணக்கு. முதலில் கெட்டியாகப் பிசைந்து நன்றாக அடித்து, பிறகே மீதித் தண்ணீரை விட்டு, சில மணி நேரம் ஊறவிட வேண்டும். வார்ப்பிரும்புக் கல் சூடு குறைந்தால் மாவு ஒட்டும். மிஞ்சினால் தேய்ப்பதற்குள் இறுகிவிடும்.

கட்டுரையின் பட்டியலில் லா பின்தினே அருங்காட்சியகம் விடுபட்டது வியப்பு. ரென் நகரின் தெற்கே, பழைய பண்ணை ஒன்றில் 1987இல் திறந்தது. பிரிட்டனியின் கறுப்பு வெள்ளைச் சிறுமாடு, அழிவின் விளிம்புக்குப் போன ரென் கூக்கூ கோழி, சைடர் என்னும் ஆப்பிள் மதுவுக்கான ஆப்பிள் தோப்பு எல்லாவற்றையும் அங்கே உயிரோடு பராமரிக்கிறார்கள். ஒரே இடத்துக்குத்தான் நேரம் என்றால் அங்கே போகலாம்.

இப்படிக்கு,
வாசகர்