சனசமூக நிலையம்: 2025ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கை

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, நிர்வாக சபையினரே, ஊர் உறவுகளே, வணக்கம்.

முன்பள்ளி, விளையாட்டுக் குழு, பத்திரிகைக் கொள்வனவு எல்லாம் வழமைபோல் நடந்தன. வாசிகசாலைக் கூரை ஒழுக்கு இன்னும் திருத்தப்படவில்லை. பிரதேச சபைக்குக் கடிதம் கொடுத்துள்ளோம். இவ்வாண்டு எம்மைப் பிரிந்த மூத்த உறுப்பினர்களுக்கு நிலையத்தின் அஞ்சலி.

மிகுதி நேரத்தைப் போயா (பௌர்ணமி விடுமுறை) நாள் கலந்துரையாடல்களுக்கு ஒதுக்குகிறேன். சென்ற பொதுக்கூட்டத்தில் உயர்தர மாணவர்கள்தான் இதைக் கேட்டார்கள். 2009க்குச் சற்று முன் பிறந்த பிள்ளைகள். போர் எப்படி முடிந்தது என்பதை வீட்டில் கேட்டு வளர்ந்தவர்கள். ஏன் தொடங்கியது என்று யாரும் முறையாகச் சொல்லவில்லை என்றார்கள். அது நியாயமான குறை.

1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவராக்கியதிலிருந்து தொடங்கினோம். 1956இன் தனிச் சிங்களச் சட்டம், 1957இல் கைச்சாத்தாகி அடுத்த ஆண்டே கிழித்தெறியப்பட்ட, பிரதமர் பண்டாரநாயக்காவும் தமிழ்த் தலைவர் செல்வநாயகமும் செய்த பண்டா - செல்வா ஒப்பந்தம், எழுபதுகளின் பல்கலைக்கழக அனுமதித் தரப்படுத்தல் எல்லாம் பேசப்பட்டன. ஆனால் பிள்ளைகளை மிகவும் உலுக்கியது கோடீஸ்வரன் வழக்கு. நம்மில் பலருக்கும் அந்தப் பெயர் மறந்துவிட்டது, ஆகையால் இங்கே சற்று விரிவாகப் பதிகிறேன்.

கோடீஸ்வரன் அரச எழுதுவினைஞர். சிங்களத் தேர்ச்சி பெறவில்லை என்று 1962இல் அவருடைய சம்பள ஏற்றத்தை நிறுத்தினார்கள். அவர் நீதிமன்றம் போனார். 1964இல் மாவட்ட நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது: சிறுபான்மையினருக்குப் பாதகமான சட்டத்தைத் தடுக்கும் அன்றைய சோல்பரி அரசியல் யாப்பின் 29ஆம் பிரிவுக்கு 1956இன் மொழிச் சட்டம் முரண் என்றது. 1967இல் உயர் நீதிமன்றம், அரச ஊழியர் சம்பளம் கேட்டு அரசின்மேல் வழக்குப் போட முடியாது என்று கூறி அதை மாற்றியது. 1969இல் அன்று எமக்கு இறுதி மேன்முறையீட்டு மன்றமாக இருந்த இலண்டன் பிரிவிக் கவுன்சில், போடலாம் என்று தீர்த்து, மொழிச் சட்டம் செல்லுமா என்ற கேள்வியைக் கொழும்புக்கே திருப்பி அனுப்பியது. அந்தக் கேள்விக்கு இன்றுவரை தீர்ப்பு இல்லை. 1971இல் பிரிவிக் கவுன்சிலுக்கான மேன்முறையீடு ஒழிக்கப்பட்டது. 1972 குடியரசு யாப்பில் 29ஆம் பிரிவு இல்லை. நிறைவேறிய சட்டத்தை நீதிமன்றம் செல்லாததாக்கும் அதிகாரமும் இல்லை.

"அப்ப அவர் பிறகு எங்கை போய்க் கேக்கிறது?" என்று ஒரு மாணவி கேட்டாள். கூட்டத்தில் யாரும் பதில் சொல்லவில்லை.

என் எண்ணத்தில் அதுதான் வேர். அநீதி நடந்தது மட்டும் போரைக் கொண்டுவரவில்லை. அநீதியைச் சொல்லி முறையிடும் இடங்கள் ஒன்றன்பின் ஒன்றாக அடைபட்டன. முறையிட்டவர்களை அடித்தவர்களுக்குத் தண்டனையும் கிடைக்கவில்லை. தமிழருக்கெதிரான 1958, 1977, 1983 வன்செயல்கள் அப்படித்தான் ஒன்றையொன்று தொடர்ந்தன. 1979இல் மூன்று ஆண்டுகளுக்கென்று வந்த பயங்கரவாதத் தடைச் சட்டம் 1982இல் நிரந்தரமாயிற்று. 2022 திருத்தம் வரை அச்சட்டப்படி நீதிமன்றம் ஏற்றாமல் பதினெட்டு மாதம் வரை தடுத்து வைக்கலாம் என்றிருந்தது, பொலிஸ் அதிகாரி எடுத்த ஒப்புதல் வாக்குமூலமே சாட்சியாயிற்று. 1983 யூலை 25, 27ஆம் திகதிகளில் வெலிக்கடைச் சிறையில், அரசின் காவலில் இருந்த 53 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டார்கள். ஒருவர்கூடத் தண்டிக்கப்படவில்லை. அதன்பின் இளைஞர்கள் ஏன் ஆயுத இயக்கங்களுக்குப் போனார்கள் என்று கேட்பதற்கு என்ன இருக்கிறது?

ஒக்டோபர் போயா அமர்வு கடினமாக இருந்தது. 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றியதைப் பேச எடுத்தோம். யாழ்ப்பாண நகரத்தில் இருந்தவர்களுக்கு ஏறத்தாழ இரண்டு மணி நேரமே கொடுக்கப்பட்டது. இதை இப்போது ஏன் கிளற வேண்டும் என்று சில மூத்த உறுப்பினர்கள் எதிர்த்தார்கள். அவர்களின் மனக்காயத்தை மதிக்கிறேன். ஆயினும் அமர்வைத் தொடர்ந்து நடத்தியது சரியான முடிவே. நம் கையால் மற்றவருக்கு நடந்ததைச் சொல்லாமல் நமக்கு நடந்ததற்கு நீதி கேட்க முடியாது. எல்லாத் தரப்பின் மீறல்களையும் பதிந்த யாழ் பல்கலைக்கழக மருத்துவபீட விரிவுரையாளர் ராஜினி திரணகம, 1989 செப்ரெம்பர் 21இல் திருநெல்வேலியில் சுட்டுக்கொல்லப்பட்டதையும் அன்று நினைவுகூர்ந்தோம்.

இந்தப் பேச்சிலிருந்து பிறந்ததே முறைப்பாட்டு உதவி மேசை. அடிப்படை உரிமை மீறப்பட்டால் ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் மனுப் போட வேண்டும். கொழும்புக்கு வழி தெரியாத குடும்பத்துக்கு ஒரு மாதம் எந்த மூலைக்கு? அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், விசாரணை நிலுவையில் உள்ள காலம் கணக்கில் சேராது. ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகம் யாழ்ப்பாணத்திலேயே உண்டு. இது தெரியாததால் உரிமை இழந்தவர்கள் எமது ஊரிலேயே இருக்கிறார்கள். ஆகவே அறிவித்தல் பலகையில் நிரந்தரமாக எழுதி வைத்துள்ளோம்.

ஓர் அரச அலுவலகத்திலிருந்து ஒரு தாய்க்குச் சிங்களத்தில் மட்டும் கடிதம் வந்தது. தமிழும் அரசகரும மொழி என்று யாப்பில் எழுதி முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகிறது. உதவி மேசை எழுதிக் கேட்டபின் தமிழ்க் கடிதம் வந்தது.

காணாமலாக்கப்பட்டோரின் குடும்பங்களில் சிலர் காணாமல்போனோர் அலுவலகத்தில் பதிய விரும்பினார்கள். படிவம் நிரப்பிக் கொடுத்தோம். சிலர் அந்த அலுவலகத்தில் நம்பிக்கையில்லை என்றார்கள், நாம் வற்புறுத்தவில்லை. ஆணைக்குழு மாறி ஆணைக்குழுவாக ஒரே கதையைச் சொல்லி அலுத்தவர்களுக்கு அந்த உரிமையும் உண்டு. யாழ்ப்பாணத்துச் செம்மணி மனிதப் புதைகுழியில் இவ்வாண்டு அகழ்வில் 200க்கும் மேற்பட்டோரின் எலும்புக்கூடுகள் வெளிவந்தன. ஓகஸ்ட் 5ஆம் திகதி, கண்டெடுத்த உடுப்புகளையும் பொருட்களையும் உறவினர் அடையாளம் காண நீதிமன்ற உத்தரவுப்படி வைத்தபோது எமது ஊர் அம்மாமாரும் போனார்கள். அவர்களோடு துணைக்குப் போன இளைஞர் கழகத்தினருக்கு நன்றி.

வரும் ஆண்டுக்கு இரண்டு தீர்மானங்களைச் சபை முன் வைக்கிறேன். ஒன்று, குடும்பங்கள் ஒப்படைத்த கோப்புகளை வைக்கப் பூட்டுள்ள இரும்பு அலுமாரி ஒன்று வாங்குவது. கூரை ஒழுகும் இடத்தில் அவற்றை இனியும் வைத்திருக்க முடியாது. மற்றது, திரும்பி வந்து குடியேறிய முஸ்லிம் குடும்பங்களை அடுத்த ஒக்டோபர் அமர்வுக்கு அழைத்து, அவர்கள் வாயாலேயே கேட்பது.

கணக்கறிக்கையைப் பொருளாளர் வாசித்தபின் இவ்விரண்டையும் வாக்குக்கு விடுமாறு தலைவரைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்