செயலாளர் ஆண்டறிக்கை: தீர்ப்பில் இடம்பெறும் பெயர்கள்

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர் பெருமக்களுக்கும் வணக்கம்.

இனப்படுகொலையில் மாண்டவர்களை நினைவில் நிறுத்துவதில் பன்னாட்டு நீதிமன்றங்களின் பங்கு என்ன என்ற ஒரே பொருளை இவ்வாண்டு முழுவதும் படிப்பது எனச் சென்ற பொதுக்குழு முடிவு செய்தது. அவ்வாறே கூட்டங்கள் நடந்தன. தொடக்கக் கூட்டத்தை டிசம்பர் 9 அன்று வைத்தோம். 1948இல் இனப்படுகொலைத் தடுப்பு உடன்படிக்கை ஏற்கப்பட்ட நாள் அது. 2015 முதல் ஐ.நா. அதையே நினைவு நாளாகவும் கடைப்பிடிக்கிறது.

அதிக நேரம் எடுத்துக்கொண்டது, 1994இல் டூட்சி மக்கள் இனப்படுகொலைக்கு ஆளான ருவாண்டா. தான்சானியாவின் அரூஷாவில் ஐ.நா. அமைத்த ருவாண்டா தீர்ப்பாயத்தில், டாபா ஊராட்சித் தலைவராக இருந்த அகயேசு மீது நடந்த வழக்கின் முதல் குற்றப்பத்திரிகையில் பாலியல் வன்முறை பற்றி ஒரு வரியும் இல்லை. சாட்சிக் கூண்டில் ஏறிய பெண்கள் பேசிய பிறகே 1997இல் அது திருத்தப்பட்டது. நீதிபதிகளில் ஒரே பெண்ணான, தென்னாப்பிரிக்கத் தமிழர் நவநீதம் பிள்ளை அப்போது கேட்ட கேள்விகளை நம் உறுப்பினர்கள் பலரும் பெருமையோடு எடுத்துச் சொன்னார்கள். (பெருமை நியாயம்தான், ஆனால் பேசத் துணிந்த அந்தப் பெண்களை நாம் இரண்டாவதாகவே பேசினோம்.) 1998 செப்டம்பர் 2 அன்று வந்த தீர்ப்பு, வன்புணர்வும் இனப்படுகொலையின் செயலாகலாம் என்றது. 2006இல் அதே தீர்ப்பாயத்தின் மேல்முறையீட்டு அமர்வு, ருவாண்டாவில் நடந்த இனப்படுகொலை இனி வழக்குதோறும் நிரூபிக்கத் தேவையில்லாத உண்மை என்று அறிவித்தது. மறுப்பவர்களுக்கு எதிராக இறந்தவர்களுக்குக் கிடைத்த மிக உறுதியான நினைவுச் சின்னம் இதுவே என்பது என் கருத்து. எல்லோரும் ஏற்கவில்லை. சாட்சிகள் பாதுகாப்புக்காக வெறும் எழுத்துகளால் குறிக்கப்படும் ஓர் ஆவணத்தை நினைவுச் சின்னம் என்று எப்படிச் சொல்வது என மூத்த உறுப்பினர் ஒருவர் கேட்டார். அதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை.

போஸ்னியாவின் ஸ்ரெப்ரெனிட்சா பற்றிய கூட்டத்தில் அந்தக் கேள்வி இன்னும் கூர்மையானது. 1995 ஜூலையில் எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்களும் சிறுவர்களும் கொல்லப்பட்டதை இனப்படுகொலை என, முன்னாள் யூகோஸ்லாவியக் குற்றங்களை விசாரிக்க ஐ.நா. அமைத்த ஹேக் தீர்ப்பாயம் உறுதி செய்தது. அதே தீர்ப்பாயம், புதைகுழிகளில் கிடைத்த உடைமைகள் பலவற்றைச் சுகாதாரக் காரணம் சொல்லி அழித்தும் விட்டது. நீதிமன்றத்துக்கு அவை பயன் முடிந்த சான்றுப் பொருள்கள். தாய்மார்களுக்கு அவை மகன் விட்டுச் சென்ற கடைசிப் பொருள்கள். எலும்புகளுக்கு மரபணுச் சோதனையால் பெயர் மீட்டுத் தந்து ஸ்ரெப்ரெனிட்சா அருகே பொடொச்சாரி நினைவிடத்தில் அடக்கம் செய்யும் பணியோ நீதிமன்றத்துக்கு வெளியேதான் நடந்தது.

கம்போடியா வேறு வழியில் போனது. 1975 முதல் 1979 வரை நடந்த கெமர் ரூஜ் ஆட்சியின் குற்றங்களை விசாரிக்க அந்நாடும் ஐ.நா.வும் சேர்ந்து அமைத்த நீதிமன்றத்தில், பாதிக்கப்பட்டோரும் வழக்கில் ஒரு தரப்பாகச் சேர முடிந்தது. அந்த ஆட்சியின் துவோல் ஸ்லெங் சிறைத் தலைவர் டுக் வழக்கில் (அதில் இனப்படுகொலைக் குற்றச்சாட்டு இல்லை) இவ்வாறு ஏற்கப்பட்டவர்களின் பெயர்கள் 2010 தீர்ப்பிலேயே இடம்பெற்றன. அவர்கள் கேட்ட நினைவுச் சின்னங்களை நீதிமன்றம் ஏற்கவில்லை. ஆயினும் இழப்பைச் சொல்ல வந்தவர்களின் பெயரைத் தீர்ப்புக்குள் எழுதிய அந்த முறையை மற்ற நீதிமன்றங்களும் கைக்கொள்ள வேண்டும் எனக் கூட்டம் ஒருமனதாகக் கருதியது. கம்போடியாவின் முஸ்லிம் சிறுபான்மையினரான சாம் மக்களுக்கும் வியட்நாமியருக்கும் எதிரான இனப்படுகொலை பற்றிய 2018 தீர்ப்பைப் படிக்க நேரம் போதவில்லை. வரும் ஆண்டின் முதல் கூட்டத்துக்கு அதை ஒதுக்கியுள்ளோம்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். நூல்களை இரவல் வாங்கியவர்கள் திருப்பித் தருமாறு மீண்டும் வேண்டுகிறேன். இவ்வறிக்கையை ஏற்று நிறைவேற்றித் தருமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
செயலாளர்