காலணியைக் கழற்றியது தெரியவில்லை

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில், பயிற்சியில் நேர்ந்த விபத்தால் நடக்க முடியாமல் போன ஜெர்மானிய சைக்கிள் வீராங்கனை கிறிஸ்டினா ஃபோகல் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். 'விதியை வென்ற வீராங்கனை' என்ற தலைப்பைப் பார்த்ததுமே பக்கத்தைப் புரட்டிவிடலாமா என்று நினைத்தேன். விதியை வெல்வது, ஊனத்தைத் தோற்கடிப்பது, தன்னம்பிக்கைச் சிகரம்... இந்தச் சொற்களுக்கு நம் பத்திரிகைகள் எப்போது ஓய்வு கொடுக்கப் போகின்றனவோ! ஆனாலும் படித்தேன். அவர் எனக்குப் பிடித்த வீராங்கனை. 2016 ரியோ ஒலிம்பிக்கில் ஸ்பிரின்ட் என்ற குறுந்தூர வேகப் பந்தயத்தின் இறுதிப் போட்டியைப் பார்த்தவர்கள் அவரை மறந்திருக்க மாட்டார்கள். பிரிட்டனின் பெக்கி ஜேம்ஸை முந்த, எல்லைக்கோட்டருகே சைக்கிளை முன்னால் உந்தித் தள்ளிய வேகத்தில் இருக்கையே கழன்று விழுந்துவிட்டது. தங்கத்தை வென்றுவிட்டு, உட்கார இடமில்லாத சைக்கிளில் சுற்றி வந்தார்.

விபத்தைக் கட்டுரையாளர் இரண்டே வரியில் முடித்துவிட்டார். நான் கொஞ்சம் நின்று சொல்ல விரும்புகிறேன். பந்தயத் தளத்தில் ஓட்டும் டிராக் சைக்கிளுக்குப் பிரேக் கிடையாது. சக்கரம் சுழலும்வரை பெடலும் சுழன்றுகொண்டேதான் இருக்கும். மிதிக்காமல் சும்மா உருள விடவும் முடியாது. 2018 ஜூன் 26 அன்று ஜெர்மனியின் காட்பஸ் நகரத்துத் தளத்தில் பயிற்சி. ஃபோகல் ஏறக்குறைய மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வந்துகொண்டிருந்தார். நின்ற நிலையிலிருந்து கிளம்பிப் பழகிக்கொண்டிருந்த ஒரு நெதர்லாந்து வீரர்மீது மோதினார். ஏழாவது மார்பு முள்ளெலும்பின் அளவில் தண்டுவடம் அறுபட்டது. அப்போது அவருக்கு வயது 27. அந்த ஆண்டுதான் உலகப் பட்டங்களின் எண்ணிக்கை பதினொன்றாகி, ஆஸ்திரேலியாவின் அன்னா மியர்ஸைச் சமன் செய்திருந்தார்.

தரையில் கிடந்தபோது யாரோ தன் காலணிகளை எடுத்துக்கொண்டு போவதைப் பார்த்தாராம். காலிலிருந்து அவற்றைக் கழற்றியதே அவருக்குத் தெரியவில்லை. இனி நடக்க முடியாது என்பது அந்தக் கணத்திலேயே புரிந்துவிட்டது என்று பின்னர் ஒரு பேட்டியில் சொன்னார். டாக்டர் வந்து சொல்லவேண்டிய அவசியமே இருக்கவில்லை.

அதே பேட்டியிலிருந்து, 'புதிய நிலையை எவ்வளவு சீக்கிரம் ஏற்கிறோமோ அவ்வளவு நல்லது' என்ற பொருளில் அவர் சொன்னதை உங்கள் கட்டுரை பெரிய எழுத்தில் கட்டம் கட்டிப் போட்டிருக்கிறது. சரி. ஆனால் அதே மூச்சில், இது படுமோசமான நிலைமை, எப்படிப் பூசி மெழுகினாலும் என்னால் இனி நடக்க முடியாது என்றும் அவர் கெட்ட வார்த்தையோடு சொல்லியிருந்தார். அது ஏன் விடுபட்டது? கெட்ட வார்த்தையை அச்சிடக் கூச்சம் என்றால் புரிந்துகொள்வேன். அந்தக் கோபத்தை நீக்கிவிட்டுச் சிரிப்பை மட்டும் வைத்துக்கொண்டதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

இதை எழுத எனக்கு என்ன தகுதி என்று கேட்கலாம். சாம்பியன் ஒன்றும் இல்லை. கல்லூரிக் காலத்திலிருந்து வாலிபால் ஆடியவன். ஒரு தாவலில் இறங்கும்போது மூட்டு ஜவ்வு கிழிந்தது. ஆட்டமும் அதோடு போயிற்று. ஃபோகலுக்கு நேர்ந்ததற்குப் பக்கத்தில் வைத்துப் பேசக்கூட அருகதையில்லாத காயம். ஆனால் முழங்காலுக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்து, தொடையை இறுக்கி, அதை அழுத்திக்கொண்டு பத்துவரை எண்ணுகிற வேலையை மாதக்கணக்கில் செய்திருக்கிறேன். அதில் வீரம் எதுவும் இல்லை. சலிப்புதான். பார்க்க வந்தவர்கள் எல்லாரும் 'மறுபடி எப்போது இறங்கப் போகிறாய்?' என்றே கேட்டார்கள். பதில் தெரியாமல் நானும் சிரித்துவைத்தேன். நான் ஆடிய அணியின் நிர்வாகம் முதல் மாதம் பழம் வாங்கிக்கொண்டு வந்தது. இரண்டாம் மாதம் போனை எடுக்கவில்லை. எனக்கு அன்றைக்குக் குறைந்துபோனது மன உறுதி அல்ல, பிசியோதெரபிக்கான பணம்.

அதனால்தான் கட்டுரையில் 'மன உறுதி' என்ற சொல்லை எண்ணிப் பார்த்தேன். ஒன்பது முறை. ஃபோகல் ஜெர்மனியின் மத்தியக் காவல்துறையில் பணியில் இருந்தவர் என்ற தகவல் ஒரு முறைகூட இல்லை. சக வீரர்கள் அவருக்காக நிதி திரட்டியதும் இல்லை. பெர்லின் மருத்துவமனையில் கழிந்த மாதங்கள் 'நீண்ட சிகிச்சைக்குப் பின்' என்ற மூன்று சொற்களுக்குள் அடங்கிவிட்டன. அவருடைய மன உறுதியைக் குறைத்துச் சொல்லவில்லை. 2009லேயே ஒரு மினி பஸ் மோதி, செயற்கைக் கோமாவில் கிடந்து, எழுந்து வந்து ஒலிம்பிக் வென்றவர் அவர். ஆனால் உறுதி படைத்த இன்னொருவர், சம்பளமும் சிகிச்சையும் இல்லாமல் அதே படுக்கையில் கிடந்தால் என்ன ஆகியிருப்பார்?

இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் 1944இல் தண்டுவடக் காயப் பிரிவைத் தொடங்கிய மருத்துவர் லுட்விக் குட்மனை, மாற்றுத்திறனாளிகளுக்கான பாராலிம்பிக்கின் தந்தை என்கிறோம். 1948 ஜூலை 29, லண்டன் ஒலிம்பிக் தொடங்கிய அதே நாளில், 16 முன்னாள் படையினரை வைத்து வில்வித்தைப் போட்டி நடத்தினார் என்பது பலருக்கும் தெரியும். அதற்கு முன்னால் அவர் செய்த காரியம்தான் பெரியது என்பேன். இரவும் பகலும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நோயாளியைப் புரட்டிப் படுக்க வைக்கச் சொன்னார். அதற்கு முன்பெல்லாம் தண்டுவடம் அடிபட்டவர்களில் பெரும்பாலோர் படுக்கைப் புண்ணாலும் சிறுநீர்த் தொற்றாலும் இறந்துபோனார்கள். புரட்டிவிட ஒரு கை இருந்த பிறகுதான் வில்லைப் பிடிக்க ஒரு கை வந்தது. அந்தச் செவிலியர்களைப் பற்றி யாரும் தலைப்பு எழுதுவதில்லை.

இன்னொரு விஷயமும் என்னை உறுத்தியது. 'அடுத்த இலக்கு பாராலிம்பிக்காக இருக்கட்டும்!' என்று கட்டுரை முடிகிறது. ஃபோகல் அந்தப் பக்கம் போகவில்லை. 2019இல் எர்ஃபுர்ட் நகர மன்ற உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். தொலைக்காட்சியில் சைக்கிள் போட்டிகளுக்கு விளக்கம் சொல்கிறார். பதக்கம் வாங்கினால்தான் மீண்டு வந்ததாக ஒப்புக்கொள்வோம் என்று நாம் அடம்பிடிப்பது, என் வீட்டுக்கு வந்தவர்கள் கேட்ட அதே கேள்விதான். காயம் பட்டவர்களைப் பற்றி அடுத்த முறை எழுதும்போது அவர்களுக்குக் காப்பீடு இருந்ததா, சங்கம் எத்தனை மாதம் பணம் தந்தது, வீட்டில் யார் வேலையை விட்டுவிட்டுக் கூட இருந்தார்கள் என்றும் கேட்டு எழுதுங்கள். கட்டுரை அவ்வளவு உருக்கமாக இருக்காது. பரவாயில்லை.

கடைசியாக ஒரு திருத்தம். 2012 லண்டன் தங்கத்தையும் தனிநபர் பதக்கம் என்று குறிப்பிட்டிருக்கிறீர்கள். அது மிரியம் வெல்டெவுடன் சேர்ந்து அணி ஸ்பிரின்ட்டில் வென்றது. இறுதியில் முதலில் வந்தது சீன அணி. விதிமீறலுக்காக அது இரண்டாம் இடத்துக்கு இறக்கப்பட்டதால் தங்கம் ஜெர்மனிக்கு வந்தது.

இப்படிக்கு,
பழைய வாலிபால் ஆட்டக்காரன் ஒருவன்