முறிந்த போல்ட்டை மறைக்க வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நாளிதழ்களின் வாகனப் பக்கங்களில் புதிய கார்களின் விலையும் மைலேஜும் தவறாமல் இடம்பெறுகின்றன. இறுகிப்போன ஒரு போல்ட்டை எப்படிக் கழற்றுவது என்பதை யாரும் எழுதுவதில்லை. சொந்தக் காரின் சிறு வேலைகளைத் தாங்களே செய்துகொள்பவர்களுக்குப் பெரும்பாலும் அந்த இடத்தில்தான் வேலை நின்றுவிடுகிறது என்பதால், சென்ற மாதம் எனக்கு நேர்ந்ததை எழுதுகிறேன்.

நான் தூத்துக்குடியில், கடற்காற்று நேராக வீசும் பகுதியில் வசிக்கிறேன். எங்கள் கார் வாங்கி 18 ஆண்டுகள் ஆகின்றன. ரேடியேட்டரில் தண்ணீர் தொடர்ந்து குறைந்துவரவே, எஞ்சினைப் பார்த்தேன். எஞ்சினின் சூட்டுக்கு ஏற்ப ரேடியேட்டருக்குத் தண்ணீரைத் திறந்துவிடும் வால்வான தெர்மோஸ்டாட்டின் மூடி ஓரத்தில் கசிவு தெரிந்தது. அந்த மூடியைப் பிடித்திருப்பவை இரண்டே போல்ட்டுகள். முதல் போல்ட்டில் ஸ்பேனரை வைத்ததுமே தலை மட்டும் கையோடு வந்துவிட்டது. அடியில் தண்டு இல்லை. காய்ந்துபோன சாம்பல் நிறப் பேஸ்ட்தான் இருந்தது. முன்பு எப்போதோ முறிந்த போல்ட்டின் தலையைப் பேஸ்ட் வைத்து அதே இடத்தில் ஒட்டியிருக்கிறார்கள். இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு பட்டறையில் தெர்மோஸ்டாட் மாற்றிய பில் இன்னும் என்னிடம் இருக்கிறது. போல்ட் முறிந்ததைப் பற்றி அதில் ஒரு வார்த்தையும் இல்லை.

மிஞ்சியிருந்த மற்றொரு போல்ட் அசைய மறுத்தது. பன்னிரண்டு முனை ரிங் ஸ்பேனரைப் போட்டு இழுத்ததில், அது வழுக்கித் தலையின் ஒரு மூலை மழுங்கிற்று. அத்துடன் கையை எடுத்துவிட்டேன். இந்த இடத்தில் பலரும் செய்வது, ஸ்பேனரில் நீளமான இரும்புக் குழாயை மாட்டி மிதிப்பதுதான். 8 மி.மீ. போல்ட் ஒன்றுக்கு 20 நியூட்டன் மீட்டரை ஒட்டிய இறுக்கம் போதும், 20 செ.மீ. நீள ஸ்பேனரின் முனையில் 10 கிலோ எடையைத் தொங்கவிட்டால் கிடைக்கும் முறுக்கு அவ்வளவுதான். அதே கைவலுவை 60 செ.மீ. குழாயின் முனையில் காட்டினால் முறுக்கு மூன்று மடங்காகி, துரு விடுவதற்கு முன்பே போல்ட் முறிந்துவிடும். என் காரில் முதல் போல்ட்டும் இப்படித்தான் முறிந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

இங்கே உள்ளதுபோல எஃகு போல்ட் அலுமினியப் பாகத்துக்குள் இருக்கும்போது, உப்பு கலந்த ஈரம் இடையில் புகுந்தால், அரிமானம் அலுமினியத்தின் பக்கமே அதிகமாகத் தாக்கி, மரையின் (திருகு வரிகளின்) இடைவெளி முழுவதையும் வெள்ளைப் பொடியாக அடைத்துவிடுகிறது. அந்த அடைப்பை உடைக்காமல் போல்ட்டைத் திருக முயல்வது வீண். ஆகவே கம்பி பிரஷ்ஷால் சுற்றிலும் தேய்த்து, துருவுக்குள் ஊடுருவும் எண்ணெயை அடித்து, போல்ட்டின் தலைமேல் சிறு சுத்தியலால் பத்துப் பன்னிரண்டு முறை மெல்லத் தட்டினேன். தட்டும்போது ஏற்படும் அதிர்வில்தான் எண்ணெய் உள்ளே இறங்குவதற்கு வழி கிடைக்கிறது. காலையும் மாலையுமாக இரண்டு நாள் இதையே செய்தேன். ஒரே நாளில் முடிக்க வேண்டும் என்று நினைத்திருந்தால் நானும் முறித்திருப்பேன்.

மூன்றாம் நாள் சூட்டைப் பயன்படுத்தினேன். சூட்டில் அலுமினியம் எஃகைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். ஆகவே போல்ட்டைச் சுற்றியுள்ள பாகம் சூடேறினால் பிடி சற்றுத் தளரும். ஆனால் பெட்ரோல் குழாய் அருகிலேயே போவதாலும், அடித்த எண்ணெயே தீப்பிடிக்கும் என்பதாலும், அங்கே நெருப்பைக் கொண்டுபோவது உயிருக்கே ஆபத்து. எண்ணெயை நன்றாகத் துடைத்துவிட்டு, கொதிக்கும் நீரைக் கெட்டிலிலிருந்து மூடியைச் சுற்றிச் சிறுகச் சிறுக ஊற்றினேன். பிறகு ஆறு முனை பாக்ஸ் ஸ்பேனரைச் சுத்தியலால் தட்டி இறுக்கமாக உட்கார வைத்து, முதலில் இறுக்கும் திசையில் இம்மியளவு அழுத்தி, அதன்பின் எதிர்த்திசையில் திருப்பினேன். கிரீச்சென்று ஒரு சத்தம். கால் சுற்று வந்ததும் எண்ணெய் விட்டு, திரும்ப உள்ளே திருகி, மீண்டும் வெளியே என்று முன்னும் பின்னுமாகக் கொண்டுவந்ததில் போல்ட் முழுதாக வெளியே வந்தது. மரை நெடுகிலும் சுண்ணாம்புபோல வெள்ளைப் பொடி ஒட்டியிருந்தது.

பேஸ்ட்டுக்கு அடியில் முறிந்து கிடந்த துண்டுக்கு என் கருவிகள் போதவில்லை. அந்தப் பாகத்தைக் கழற்றி ஒரு லேத் பட்டறைக்கு எடுத்துச் சென்றேன். அங்கிருந்தவர் துண்டின்மேல் ஒரு நட்டை வைத்து, நட்டின் துளை வழியாக வெல்டிங் செய்தார். எஃகுக்குச் செய்யும் வெல்டிங் அலுமினியத்தில் பிடிக்காது; ஆகவே நட்டும் துண்டும் மட்டும் ஒன்றாயின. ஆறும் வரை காத்திருந்து நட்டைத் திருப்பியதும் துண்டு சுழன்று வெளியே வந்துவிட்டது. டேப் என்னும் மரை வெட்டும் கருவியை ஒருமுறை உள்ளே திருகி, மரையையும் சரிசெய்து கொடுத்தார். வேலை அரை மணி நேரத்தில் முடிந்தது.

முறிந்த ஸ்டட்டை, அதாவது தலையில்லாத போல்ட்டை, எடுப்பது ஐ.டி.ஐ.யில் பிட்டர் பிரிவு மாணவர்களுக்கு ஒரு பாடமாகவே கற்பிக்கப்படுகிறது. வேலையில் போல்ட் முறியும் என்பது தெரிந்ததால்தான் அதற்கென்று ஒரு பாடம் இருக்கிறது. முறிந்ததற்காக எந்த மெக்கானிக்கையும் நான் குறை சொல்லமாட்டேன். முறிந்ததை ஒட்டி மறைத்ததுதான் என்னால் பொறுக்க முடியாதது. தண்ணீர் இறங்குவதைக் கவனிக்காமல் நெடுஞ்சாலையில் குடும்பத்துடன் போயிருந்தால், எஞ்சின் சூடேறி நடுவழியில் நின்றிருக்கும்.

போல்ட் முறிந்தாலோ மரை கெட்டாலோ அதைப் பில்லிலேயே எழுதித் தருமாறும், மூடும்போது எஞ்சினுக்குக் குறிக்கப்பட்ட அளவுக்கு மட்டும் டார்க் ரென்ச்சால் (முறுக்கை அளந்து இறுக்கும் ஸ்பேனரால்) இறுக்குமாறும் பட்டறை உரிமையாளர்களைக் கேட்டுக்கொள்கிறேன். தங்கள் நாளிதழின் வாகனப் பக்கத்தில் மாதம் ஒருமுறையாவது, அனுபவமுள்ள மெக்கானிக் ஒருவரைக் கொண்டு இத்தகைய வேலைகளைப் படங்களுடன் விளக்கி வெளியிட வேண்டுகிறேன். கடலோர ஊர்களில் கார் வைத்திருப்பவர்களுக்காக முதல் கட்டுரை துருவைப் பற்றியே அமையட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
தூத்துக்குடி.